நெப்டியூனைக் கண்டவர் யார்?

எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணாக்கர்க்குச் சூரிய குடும்பத்தைப் பற்றிப் பாடம் நடத்துங்கால், எழுந்து நின்று வினவும் பிள்ளை ஒருவன் ஆண்டுதோறும் இருந்தே தீருவான். இவ்வாண்டு அவ்வாறு எழுந்தவன் கேட்ட வினா இது: "ஐயா, நெப்டியூனைக் கண்டுபிடித்தவர் யார்?" நான் ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில் ஒரு நூலில் ஜெர்மானியர் ஒருவர் பெயரையும், மற்றொரு நூலில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் பெயரையும், மூன்றாவதில் ஆங்கிலேயர் ஒருவர் பெயரையும் படித்ததுண்டு. தேர்வில் எதனை எழுதுவது என்று நாங்கள் எங்களுக்குள் வாதாடினோம். இறுதியில் ஆண்டை மட்டும் எழுதிவிட்டுப் பெயரை விட்டுவிட்டவர்களும் உண்டு. அன்று தீராத அவ்வழக்கைப் பற்றிப் பின்னர் நான் படித்தறிந்தவற்றை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அக்கிரகத்தின் இருப்பிடத்தை அறிந்துகொள்வோம். சூரியனுக்கும் நெப்டியூனுக்கும் இடையே ஏறத்தாழ 450 கோடி கிலோமீட்டர் தூரம் உள்ளது. இது பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட தூரத்தைப்போல் முப்பது மடங்கு. சூரியனிடமிருந்து நமக்கு எட்டே நிமிடங்களில் வந்து சேரும் ஒளி, நெப்டியூனை அடைவதற்கு நான்கு மணி நேரத்திற்குமேல் ஆகிறது. அஃது ஒருமுறை சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ 165 ஆண்டுகள் பிடிக்கும். வெறுங்கண்ணுக்கு அது புலனாகாது. நம் முன்னோர் வகுத்த நவக்கிரகங்களுள் அதற்கு இடமில்லாமற் போனமைக்கு இதுவே காரணமாகும். செவ்வாயையும் வியாழனையும் மாலை வானில் விரல் நீட்டிக் காட்டலாம்; நெப்டியூனை அவ்வாறு காட்ட எவராலும் இயலாது.

காணமுடியாத ஒன்றை மனிதன் எவ்வாறு கண்டான்? காகிதமும் மைக்கோலும் கொண்டு கணக்குப் போட்டுக் கண்டான் என்பதுதான் இவ்வரலாற்றின் வியப்பு.

வழி தவறிய யுரேனஸ்

1781 மார்ச் 13 அன்று இங்கிலாந்தின் பாத் நகரில் வில்லியம் ஹெர்ஷல் என்பார் தாமே செய்த தொலைநோக்கியின் வழியாக யுரேனஸ் கிரகத்தைக் கண்டார். அதன் பின்னர் வானநூலார் பழைய குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, 1690 முதற்கொண்டே பலர் அதனைப் பார்த்திருக்கின்றனர் என்பதும், அதனை ஒரு விண்மீன் என்று எண்ணிக் குறித்துவைத்திருக்கின்றனர் என்பதும் தெரியவந்தன. பழைய குறிப்புகளையும் புதிய குறிப்புகளையும் சேர்த்து, யுரேனஸ் இன்ன நாளில் இன்ன இடத்தில் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் அட்டவணையை ஆக்க முயன்றார் பாரிஸ் நகரத்து அலெக்சி பூவார். பழையனவும் புதியனவும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. முன்னோர் சரியாகக் குறிக்கவில்லை என்று கருதிப் பழையவற்றை ஒதுக்கிவிட்டு, புதியவற்றை மட்டுமே கொண்டு 1821-இல் தம் அட்டவணையை வெளியிட்டார். சில ஆண்டுகளுக்குள் யுரேனஸ் அந்த அட்டவணையையும் மீறி நடக்கத் தொடங்கியது.

மீறல் என்றவுடன் பெரிதாக எண்ணிவிட வேண்டா. 1845-ஆம் ஆண்டு வாக்கில் அட்டவணை சொன்ன இடத்திற்கும் கிரகம் இருந்த இடத்திற்கும் உள்ள வேறுபாடு, முழுமதியின் அகலத்தைப் பதினைந்து கூறாக்கினால் அதில் ஒரு கூறு அளவே. ஆயினும் நியூட்டனின் ஈர்ப்பு விதியை நம்பியவர்களுக்கு அச்சிறு வேறுபாடும் உறக்கத்தைக் கெடுத்தது. அத்துணைத் தொலைவில் நியூட்டனின் விதி செல்லாது போகின்றதோ என்று ஐயுற்றவர்களும் இருந்தனர். யுரேனஸுக்கு அப்பால் இன்னொரு கிரகம் இருந்துகொண்டு அதனை இழுக்கின்றது என்று கருதியவர்களும் இருந்தனர்.

அந்த இழுப்பை என் மாணாக்கர்க்கு விளையாட்டுத் திடலைக் கொண்டுதான் விளக்குவேன். உள்வட்டத்தில் ஒரு பையன் விரைந்து ஓடுகின்றான்; வெளிவட்டத்தில் இன்னொருவன் மெதுவாக ஓடுகின்றான். இருவரும் ஒரு கயிற்றால் பிணைக்கப்பட்டுள்ளனர் என்று வைத்துக்கொள்வோம். வெளிவட்டத்தான் முன்னால் இருக்கும் வரையில் உள்வட்டத்தான் முன்னோக்கி இழுக்கப்படுவான். அவனைக் கடந்து சென்றுவிட்டாலோ பின்னோக்கி இழுக்கப்படுவான். யுரேனஸ் நெப்டியூனைக் கடந்தது 1821-22 அளவில். அதற்கு முன்னர் அது சற்று விரைந்து சென்றது. பின்னர் சற்றுத் தாமதித்தது. இவ்வளவுதான் சங்கதி. ஆனால் விளைவிலிருந்து காரணத்தை நோக்கிப் பின்னோக்கிக் கணக்கிட்டு, இழுப்பவன் எங்கே நிற்கின்றான் என்று சொல்வது அக்காலத்து வல்லுநர்களே அஞ்சிய வேலை.

இரு கணக்கர்

அவ்வேலையை இருவர், ஒருவரை ஒருவர் அறியாமலே மேற்கொண்டனர்.

ஒருவர் ஜான் கவுச் ஆடம்ஸ். 1819-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் குத்தகைக்கு நிலம் உழுத எளிய குடியானவர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்தபோதே, 1841 ஜூலை 3 அன்று, பட்டம் பெற்றவுடன் யுரேனஸின் புதிரை ஆராய்வேன் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார். 1843-இல் கணிதத்தில் முதல் மாணவராகத் தேறினார். எழுதி வைத்தபடியே கணக்கிலும் இறங்கினார். 1845 செப்டம்பரில் புதிய கிரகத்தின் இருப்பிடத்தைக் கணித்து, கேம்பிரிட்ஜ் வானாராய்ச்சிக் கூடத்தின் தலைவர் சாலிஸிடம் கொடுத்தார். அடுத்த மாதம் 21-ஆம் தேதி கிரீனிச்சுக்குச் சென்று அரச வானநூலாராகிய ஜார்ஜ் ஏய்ரியைக் காண முயன்றார். முதல் முறை சென்றபோது அவர் வீட்டில் இல்லை. மறுமுறை சென்றபோது அவர் உணவருந்திக்கொண்டிருக்கின்றார் என்று பணியாள் திருப்பியனுப்பிவிட்டதாகச் சொல்வர். ஆடம்ஸ் தம் முடிவை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

ஏய்ரி அதனை அலட்சியம் செய்துவிட்டார் என்று பல நூல்கள் எழுதுகின்றன. அது முற்றும் நியாயமன்று. அவர் தாளைப் படித்துப் பார்த்து, ஒரு வினா எழுப்பி ஆடம்ஸுக்குக் கடிதம் எழுதினார். சூரியனிலிருந்து யுரேனஸ் உள்ள தூரத்தில் காணப்படும் பிழையையும் உமது கணக்கு தீர்க்கின்றதா என்பது அவ்வினா. ஆடம்ஸ் அதற்கு விடை எழுதி அனுப்பவில்லை. எழுதத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன கடிதம் ஒன்று பிற்காலத்தில் அவர்தம் குடும்பத் தாள்களிடையே கிடைத்தது. முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளின் பயிற்சி ஏடுகளைத் திருத்தி வருபவன் நான். விடையைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, வழியைக் காட்டச் சொன்னால் வாய் திறவாமல் நிற்கும் கூச்ச சுபாவமுள்ள மாணாக்கரை ஒவ்வொரு வகுப்பிலும் கண்டிருக்கிறேன். ஆடம்ஸும் அந்த இனத்தவர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மற்றவர் பிரெஞ்சு நாட்டு உர்பேன் லெவெரியே. 1811-இல் பிறந்தவர்; கூச்சம் என்பதை அறியாதவர். பாரிஸ் வானாராய்ச்சிக் கூடத்தின் தலைவர் அராகோ தூண்டியதன்பேரில் இவ்வாராய்ச்சியை மேற்கொண்டார். 1845 நவம்பர் 10, 1846 ஜூன் 1, ஆகஸ்டு 31 ஆகிய நாள்களில் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன்னிலையில், எல்லோரும் அறியத் தம் முடிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டார். ஜூன் மாதக் கட்டுரையைப் படித்த ஏய்ரி திடுக்கிட்டார். லெவெரியே சொன்ன இடமும் தம் மேசையில் எட்டு மாதமாகக் கிடந்த ஆடம்ஸின் தாள் சொன்ன இடமும் ஒரு பாகைக்குள் அடங்கின. உடனே சாலிஸை வானத்தைத் தேடிப் பார்க்குமாறு வேண்டினார்.

முப்பத்தொன்பதும் நாற்பத்தொன்பதும்

சாலிஸ் 1846 ஜூலை 29 அன்று தேடத் தொடங்கினார். அவரிடம் அப்பகுதி வானத்தின் நல்ல படம் இல்லை. ஆகவே கண்ணில் பட்ட விண்மீன்கள் அனைத்தையும் குறித்துக்கொண்டு, வேறொரு நாள் மீண்டும் குறித்து, இரண்டையும் ஒப்பிட்டு, இடம் மாறியது எது என்று காணும் முறையை மேற்கொண்டார். விண்மீன் நின்ற இடத்தில் நிற்கும், கிரகம் நகரும். முறையில் குற்றமில்லை. மூவாயிரத்திற்கும் மேற்பட்ட குறிப்புகளைச் சேர்த்தார். ஒப்பிடும் வேலையைத்தான் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார்.

ஆகஸ்டு 4-லும் 12-லும் நெப்டியூன் அவர் குறிப்பேட்டில் பதிவாகிவிட்டது. ஒருமுறை ஜூலை 30-ஆம் நாள் பட்டியலையும் ஆகஸ்டு 12-ஆம் நாள் பட்டியலையும் எடுத்து ஒப்பிடவும் தொடங்கினார். முப்பத்தொன்பது விண்மீன்கள் வரையில் ஒத்துப்பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக உள்ளன என்று நிறுத்திக்கொண்டார். அந்த ஆகஸ்டுப் பட்டியலில் நாற்பத்தொன்பதாவதாக இருந்தது நெப்டியூன். இன்னும் பத்து வரிகள்! இதனைப் படித்த நாளில் நான் நூலை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் வெளியே சென்று உலவி வந்தேன்.

இதனிடையே லெவெரியே, தம் நாட்டு வானநூலார் தேடுதலில் ஊக்கம் காட்டாததைக் கண்டு சலித்து, பெர்லின் வானாராய்ச்சிக் கூடத்தில் உதவியாளராக இருந்த யோகான் கால்லே என்பவருக்கு 1846 செப்டம்பர் 18 அன்று கடிதம் எழுதினார். அது 23-ஆம் தேதி கால்லேயின் கையை அடைந்தது. அன்று கூடத்தின் தலைவர் என்க்கேயின் பிறந்தநாள்; அவர் வீட்டில் விருந்து. கால்லே அனுமதி கேட்டபோது என்க்கே அரைமனத்தோடு இசைந்தார். அவ்வுரையாடலைக் கேட்டுக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், தம்மையும் உடனிருக்கவிடுமாறு வேண்டினார். அவர் பெயர் ஹைன்ரிக் தாரெஸ்ட்.

இரவு வந்தது. கால்லே தொலைநோக்கியைக் குறித்த திசையில் திருப்பினார். வட்டத் தட்டுப்போல் தோன்றும் எதுவும் உடனே கண்ணில் படவில்லை. அப்பொழுதுதான் அந்த மாணவர், விண்மீன் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்றார். பெர்லின் கழகத்தார் வெளியிட்டு வந்த படங்களுள் அப்பகுதிக்குரிய தாள், பிரெமிக்கர் என்பார் வரைந்தது, அண்மையில்தான் அச்சாகியிருந்தது. இங்கிலாந்துக்கு அது இன்னும் சென்று சேரவில்லை. இருவரும் அதனைத் தேடி எடுத்தனர். கால்லே தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு ஒவ்வொரு விண்மீனாகச் சொல்லிக்கொண்டே வர, தாரெஸ்ட் படத்தில் அதனைச் சரிபார்த்து வந்தார். சிறிது நேரத்திற்குள் கால்லே எட்டாம் தர ஒளியுடைய ஒன்றைச் சொன்னார். அது படத்தில் இல்லை என்று தாரெஸ்ட் கூவினார். மறுநாள் இரவு பார்த்தபோது அது நகர்ந்திருந்தது. லெவெரியே குறித்த இடத்திற்கும் அது இருந்த இடத்திற்கும் ஒரு பாகைகூட வேறுபாடில்லை.

உலகமெங்கும் செய்தி பரவியது. முதல் அறிக்கைகளில் தாரெஸ்டின் பெயர் காணப்படவில்லை. அவர் 1875-இல் இறந்தார். அவ்விரவில் படத்தை எடுக்கச் சொன்னவர் அவர்தாம் என்ற செய்தி பல ஆண்டுகள் கழித்தே உலகறிய வந்தது. கால்லே 1910 வரையில் வாழ்ந்தார்.

வழக்கு

அக்டோபர் மாதத்திலேயே சச்சரவு மூண்டது. எங்கள் ஆடம்ஸ் முன்னமே கணித்துவிட்டார் என்று ஆங்கிலேயர் சொன்னபோது, இதுவரை வாய் திறவாதிருந்துவிட்டு இப்பொழுது பங்கு கேட்க வந்தீர்களோ என்று பிரெஞ்சுக்காரர் சினந்தனர். பத்திரிகைகள் கேலிச் சித்திரங்கள் வரைந்தன. கிரகத்திற்கு என்ன பெயர் இடுவது என்பதிலும் பூசல். கால்லே ஜேனஸ் என்றார். லெவெரியே முதலில் நெப்டியூன் என்று சொல்லிவிட்டு, பின்னர் மனம் மாறித் தம் பெயரையே வைக்கவேண்டுமென விரும்பினார். அதன்பொருட்டு யுரேனஸை ஹெர்ஷல் என்று அழைக்கவும் தலைப்பட்டார். ரஷ்ய நாட்டில் பணியாற்றிய ஸ்துரூவ என்னும் பெரியார் நெப்டியூன் என்னும் பெயரை ஆதரித்துப் பேசிய பின்னர் அதுவே நிலைத்தது.

இத்தனை ஆரவாரத்திலும் கண்ணியம் காத்தவர் ஆடம்ஸ். முதலில் வெளியிட்ட உரிமை லெவெரியேக்கே உரியது என்று அவர் அவ்வாண்டு நவம்பரிலேயே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அரசு அளிக்க முன்வந்த பட்டத்தையும் 1847-இல் மறுத்தார்.

லெவெரியேயின் கணக்கு முழுவதும் சரியா என்றால், அதுவும் இல்லை. இருவருமே போடேயின் விதி என்று அக்காலத்தில் வழங்கிய கணக்கைப் பின்பற்றி, புதிய கிரகம் பூமியின் தூரத்தைப்போல் முப்பத்தாறு, முப்பத்தேழு மடங்கு தூரத்தில் இருப்பதாகக் கொண்டனர். உண்மைத் தூரம் முப்பது மடங்கே. ஹார்வர்டைச் சேர்ந்த பெஞ்சமின் பியர்ஸ் 1847-இல் இதனைச் சுட்டிக்காட்டி, கிரகம் அகப்பட்டது நற்பேறான தற்செயலே என்று வாதிட்டார். எனக்கு அது உடன்பாடன்று. யுரேனஸ் நெப்டியூனைக் கடந்த ஆண்டுகளிலேதான் இழுப்பு மிகுதி. அந்த இழுப்பு வரும் திசையைக் கணக்கு சரியாகப் பிடித்தது. தூரத்தில் பிழை இருந்தும் திசை தப்பவில்லை.

ஆடம்ஸின் கணக்கோ வேறு வகையில் தடுமாறியது. 1845-இல் அவர் சொன்ன இடம் உண்மை இடத்திற்கு ஏறத்தாழ இரண்டு பாகை அளவில் நெருங்கியிருந்தது. ஆனால் 1846-இல் மீண்டும் மீண்டும் கணக்கிட்டபோது அவர் குறித்த இடங்கள் இருபது பாகை அளவுக்கு இங்கும் அங்குமாக விலகின. இச்செய்தி நெடுங்காலம் வெளியில் பெரிதும் பேசப்படவில்லை. அதற்கொரு காரணம் உண்டு. ஏய்ரி இவ்வழக்கைப் பற்றிய கடிதங்களையெல்லாம் ஒரே கோப்பில் சேர்த்து வைத்திருந்தார். அக்கோப்பு இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கிரீனிச்சின் ஆவணங்களிலிருந்து காணாமற் போயிற்று. அங்கே 1960-களில் பணியாற்றிய ஓலின் எகன் என்னும் வானநூலாரிடம் கேட்டபோது, தம்மிடம் இல்லை என்றார். அவர் 1998-இல் காலமான பின்னர், சிலி நாட்டில் இருந்த அவருடைய உடைமைகளிடையே அது கிடைத்தது. இன்று அது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. அதனை ஆராய்ந்தவர்கள் 2004-இல், இங்கிலாந்து தன் மைந்தனுக்காகக் கேட்ட பங்கு மிகை என்று எழுதினர்.

இருவரும் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே, 1612 டிசம்பரிலும் 1613 ஜனவரியிலும், கலிலியோ வியாழனின் துணைக்கோள்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அருகில் இருந்த நெப்டியூனையும் விண்மீன் என்று குறித்திருக்கின்றார். இரண்டு விண்மீன்களின் இடைவெளி முந்தைய இரவிலிருந்து மாறியிருப்பதுபோல் தோன்றுகின்றதே என்றும் எழுதியிருக்கின்றார்! அக்குறிப்பை 1980-இல் கோவாலும் டிரேக்கும் கண்டு வெளியிட்டனர். 1795 மே மாதம் பாரிஸில் லாலாந்து குடும்பத்தவர் ஒருவர் நெப்டியூனை இரண்டு நாள் குறித்தார். இரண்டும் ஒவ்வாததைக் கண்டு, தம் கைப்பிழை என்று கருதி முன்னதை அடித்துவிட்டார். அடித்த கோடுதான் கிரகத்தின் நகர்ச்சி.

அங்கே உள்ளது என்ன?

1989 ஆகஸ்டு 25 அன்று வாயேஜர் 2 என்னும் விண்கலம், புறப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, நெப்டியூனின் மேகங்களுக்கு மேல் ஏறத்தாழ ஐயாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் கடந்து சென்றது. அதற்குப் பின் வேறெந்தக் கலமும் அங்குச் சென்றதில்லை.

நாம் நிற்பதற்குரிய தரை அங்கில்லை. மேலே ஹைட்ரஜனும் ஹீலியமும் சிறிது மீதேனும் கலந்த வாயு. உள்ளே செல்லச் செல்ல நீர், அம்மோனியா போன்றவை அடர்ந்து வெப்பமேறிய நிலை. குறுக்களவில் பூமியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு, எடையில் பதினேழு மடங்கு. மேகங்களின் குளிர் பூஜ்யத்திற்குக் கீழே 200 பாகை. அத்துணைக் குளிரிலும் காற்று மணிக்கு 2,000 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகின்றது. சூரியனிடமிருந்து பெறும் வெப்பத்தைப்போல் இரண்டரை மடங்கிற்கும் மேலான வெப்பத்தை அது வெளியிடுகின்றது. பூமியை விழுங்கத்தக்க கரும்புயல் ஒன்றை வாயேஜர் படம் பிடித்தது. 1994-இல் ஹபிள் தொலைநோக்கி பார்த்தபோது அப்புயலைக் காணவில்லை.

துணைக்கோள்களுள் பெரியது டிரைட்டன். கிரகம் கண்டுபிடிக்கப்பட்ட பதினேழாம் நாளே, 1846 அக்டோபர் 10 அன்று, லாசல் என்னும் ஆங்கிலேய மதுவாலை அதிபர் தம் சொந்தத் தொலைநோக்கியால் அதனைக் கண்டார். அது நெப்டியூன் சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் சுற்றுகின்றது. ஆதலின் அங்கே பிறந்ததன்று, வேறிடத்திலிருந்து பிடிபட்டது என்று கருதுகின்றனர். 235 பாகைக் குளிரில் உறைந்த அதன் தரையிலிருந்தும் நைட்ரஜன் ஊற்றுகள் எட்டுக் கிலோமீட்டர் உயரம் பீறிட்டெழுவதை வாயேஜர் கண்டது.

எங்கள் வகுப்பறைச் சுவர்ப்படத்தில் நெப்டியூன் நீலச் சாயத்தில் தோய்த்தெடுத்ததுபோல் இருக்கின்றது. வாயேஜரின் படங்களில் மேகங்கள் தெளிவாகத் தெரியவேண்டி நிறத்தை மிகுத்துக் காட்டியதால் வந்த வினை அது. 2024-இல் வெளியான ஆய்வு, அதன் மெய்யான நிறம் யுரேனஸின் நிறத்தை ஒத்த வெளிறிய பசுநீலம் என்று நிறுவியது. படத்தை மாற்றுவதற்குப் பணமில்லை. பக்கத்தில் ஒரு குறிப்பெழுதி ஒட்டியிருக்கின்றோம்.

நெப்டியூனைச் சுற்றி மெல்லிய வளையங்களும் உள. புறவளையத்தில் தூசு ஒரே சீராக இல்லாமல் வில் வில்லாகத் திரண்டு நிற்கின்றது. அவ்வில்களுக்குப் பிரெஞ்சுப் புரட்சியின் சொற்களாகிய சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்பவற்றைப் பெயராக இட்டனர். பிற்காலத்தில் வில்களுள் முதலில் மங்கத் தொடங்கியது சுதந்திரம். வளையங்களுக்கோ வழக்காடியவர்களின் பெயர்கள். உள்ளிருந்து வெளியே எண்ணினால் கால்லே, லெவெரியே, லாசல், அராகோ, ஆடம்ஸ். தம் பெயரைக் கிரகத்திற்கே இடவேண்டுமென்ற லெவெரியேயும், பட்டமே வேண்டா என்ற ஆடம்ஸும் ஒரே கிரகத்தைச் சுற்றிக்கொண்டிருக்கின்றனர். ஏய்ரியின் பெயரில் வளையம் இல்லை. சாலிஸின் பெயரிலும் இல்லை. அன்றிரவு விண்மீன் படத்தை எடுத்து வரச் சொன்ன மாணவர் தாரெஸ்டின் பெயரிலும் இல்லை. நம் சந்திரனில் உள்ள ஒரு குழிக்கு அவர் பெயரை இட்டிருக்கின்றார்கள்.